கலங்கினால் நல்லது

அந்த ஆலையில் அவளுக்கு மிச்சம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. எதை எதோடு கலந்தாலும், "சரி, மிச்சம் என்ன?" என்று கேட்கிற வாய் அது. கேன்டீனில் டீ குடித்து முடித்தால் டம்ளரின் அடியைச் சாய்த்துப் பார்த்து, "கரைஞ்சது போக மிச்ச சர்க்கரை உக்காந்திருக்கு பாரு" என்பாள். யாரோ கேலிக்கு வைத்த பெயர். நாளாக ஆகக் கேலி கரைந்துபோய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் ஆள் உயரத் தொட்டி, பக்கத்தில் வடிகட்டி, கடைசியில் உலர்த்தும் அடுப்பு. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ஜன்னல் வைத்த அறை ஒன்று உண்டு, அதுதான் சோதனைக்கூடம். குனிந்துதான் நுழைய வேண்டும். வேதியியல் படித்துவிட்டு வந்தவள் அந்த அறையில் குனியத் தொடங்கி, தலைமுடி நரைக்கும்வரை குனிந்துகொண்டிருந்தாள். வந்த புதிதில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இடித்ததெல்லாம் அவளைப் பார்க்க வந்தவர்களின் தலைகள்தான்.

அங்கே தயாரானது ஒரே சரக்கு: பேரியம் சல்பேட் என்கிற வெள்ளைப் பொடி. தொண்டையிலோ வயிற்றிலோ கோளாறு என்றால், எக்ஸ்ரே எடுக்கும் முன்பு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றை டம்ளர் நிறையக் குடிக்கச் சொல்வார்களே, அதுதான். அது போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். உடம்பில் கரையாது, ஒட்டாது. வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

ஆனால் அதே பேரியம் துணையில்லாமல் தண்ணீரில் கரைந்து கிடந்தால் விஷம். நேராக இருதயத்தில் கை வைக்கும். சல்பேட்டோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் பரம சாது. சேருகிற ஆளைப் பொறுத்துக் குணம் மாறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, நம் வீடுகளில் பார்க்காததா?

வேலை இதுதான். தொட்டியில் பேரியம் குளோரைடு கரைசல் இருக்கும். அதில் சோடியம் சல்பேட்டைக் கரைத்து ஊற்றுவார்கள். ஒரு பேரியம் ஒரு சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக அடியில் உட்காரும். கூட வந்த சோடியமும் குளோரைடும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் தண்ணீரிலேயே நீந்திக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அவற்றுக்குப் பார்வையாளர் அயனிகள் என்று பெயர். வீட்டில் தனக்கும் நாத்தனாருக்கும் வாக்குவாதம் நடக்கும்போதெல்லாம் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்ளும் கணவரைப் பார்த்து, மிச்சம்மா இந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

பார்வையாளர்களால் ஆபத்தில்லை, கழுவினால் போய்விடுவார்கள். துணை கிடைக்காமல் தண்ணீரில் மிஞ்சுவது யார் என்பதுதான் கேள்வி. பேரியம் ஒருபோதும் மிஞ்சக் கூடாது. அதனால் நூறு பங்கு பேரியத்துக்கு நூற்றைந்து பங்கு சல்பேட் என்று கணக்குப் போட்டு, நாலு மூட்டை என்று சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருந்தாள். நூறும் நூறும் உட்கார்ந்துவிடும். ஐந்து சல்பேட் மிஞ்சும். அந்த ஐந்து காவலுக்கு நிற்கும்வரை பேரியம் தலைகாட்டாது, ஏனென்றால் இந்த இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் சேர்ந்தாற்போல் மிஞ்சவே முடியாது.

காவல் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை. தொட்டி தெளிந்ததும் மேல் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு பேரியம் கரைசல் விடுவாள். உள்ளே சல்பேட் மிஞ்சியிருந்தால் தண்ணீர் கலங்கும். கலங்கினால் நல்லது. ஊர் உலகத்தில் தண்ணீர் தெளிந்தால் சந்தோஷப்படுவார்கள். அந்த ஒரு கொட்டகையில் மட்டும் கலங்கினால் சந்தோஷம். கலங்கியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கலங்கிருச்சு!" என்று கத்துவாள். தொட்டிக்காரர் தொட்டியடியிலிருந்து, "நீங்க கலங்காதீங்கம்மா, நாங்க இருக்கோம்!" என்று பதில் கொடுத்துவிட்டு வடிகுழாயைத் திறப்பார். வருஷக்கணக்காக இதே நகைச்சுவை. இரண்டு பேருக்குமே அது அலுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் மூன்று பேர்: அவள், கணவர், கணவரின் அக்கா. நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தவள். வாயும் மிஷினும் சேர்ந்தே ஓடும். சந்தோஷம் என்றாலும் கண்ணீர், கோபம் என்றாலும் கண்ணீர், ஊசி ஒடிந்தாலும் கண்ணீர். மிச்சம்மாவுக்கோ கண்ணில் தூசி விழுந்தால்தான் தண்ணீர் வரும். மாமனார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் விரிப்பு மாற்றியதும் மருந்து கொடுத்ததும் அவள்தான். ஆனால் அவர் போன அன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை நாத்தனார் மறக்கவே இல்லை. "இவ எதுக்கும் கலங்க மாட்டா. கல்லு" என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். விரிப்பு மாற்றிய கணக்கு அதில் வரவில்லை.

கொஞ்ச நாளாக நாத்தனாருக்குச் சாப்பாடு தொண்டையில் நிற்கத் தொடங்கியிருந்தது. முதலில் ரொட்டி நின்றது, பிறகு ரொட்டியை நனைத்துத் தின்றாலும் நின்றது. தம்பி வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அன்று மதியம் தொட்டி தெளிந்துகொண்டிருந்தது. தொட்டிக்காரர் சோதனைக்கூட வாசலில் வந்து நின்று, "அம்மா, இன்னைக்குக் கடைசி மூட்டை மட்டும் பளபளன்னு கண்ணாடித் தூள் மாதிரி இருந்துச்சு. புதுசா வந்தது போல" என்றார். அந்த நேரம் பார்த்துக் கணவரிடமிருந்து போன். மிச்சம்மா தொட்டிக்காரரைப் பார்த்து "ம்" என்று தலையாட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாரு. செவ்வாய்க்கிழமை. கட்டியா இருந்தாலும் இருக்கலாமாம்" என்றார் கணவர். "அக்கா கிட்டயும் சொல்லிட்டாங்க. அழுதுகிட்டே இருக்கா."

"சரி" என்றாள் மிச்சம்மா. வைத்துவிட்டாள். குழாயில் தண்ணீர் எடுத்தாள், சொட்டு விட்டாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, "சரி, விடலாம்" என்றாள். தொட்டியடியிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. வடிகுழாய் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாத்தனார் தட்டைத் தொடவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மிச்சம்மாவுக்கும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அவளுக்கு வந்தது இதுதான்: "அக்கா, செவ்வாய்க்கிழமை வெறும் வயித்துல போகணும். முதல் நாள் ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுருங்க. காலையில தண்ணிகூட வேண்டாம்."

நாத்தனார் தட்டைத் தள்ளினாள்.

"பாத்தியாடா தம்பி? எனக்குக் கட்டிங்கறாங்க. இவ பட்டினிக்கு அட்டவணை போடுறா. அப்பா போனப்பவும் இப்படித்தான் நாற்காலி போட்டா. ஏம்மா, நீ ஒரு நாளாவது கலங்கியிருக்கியா? இன்னைக்காவது கலங்குச்சா உனக்கு?"

கணவர் செய்தித்தாளைத் தேடினார். மிச்சம்மாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"இல்ல" என்றாள் மெதுவாக. "இன்னைக்குக் கலங்கல."

"வாயாலயே சொல்றா பாரு!"

"கலங்கலையே... அக்கா, இன்னைக்குக் கலங்கலையே!" மிச்சம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்துத் தொட்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு நான் ஜன்னல்ல என்ன சொன்னேன்?"

"விடலாம்னு சொன்னீங்க."

"கலங்கிருச்சுன்னு சொன்னேனா?"

"இல்லைங்கம்மா. அதான் நானும் சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். ஏதோ கவலையில இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அடுப்பைப் பத்த வைக்காதீங்க. கழுவவும் வேண்டாம். எல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் வரேன்."

பார்வையாளர் எழுந்து நின்றார். "வண்டியை எடுக்கட்டுமா?" என்றார். அந்த வீட்டில் அதுவும் ஒரு சம்பவம்தான்.

பொழுது முழுதாக இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். கணவர் அறைக்குள் நுழையும்போது தலையை இடித்துக்கொண்டார். மதியம் வடிகுழாய் வழியாகப் போய்ப் பின்பக்கத் தேக்கத்தில் நின்ற தண்ணீரை மிச்சம்மா எடுத்து இரண்டு குழாயில் ஊற்றினாள். முதல் குழாயில் பேரியம் சொட்டு: தெளிவாகவே நின்றது. காவலுக்கு ஒரு சல்பேட்கூட இல்லை. இரண்டாவது குழாயில் சல்பேட் சொட்டு விட்டாள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து பால் ஊற்றினாற்போல் வெள்ளை இறங்கியது. மிஞ்சியிருந்தது பேரியம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேலி செய்வோம். தெளிந்ததெல்லாம் நல்ல தண்ணீர் என்று நம்பியதற்கு இவளை என்ன சொல்வது? அதுவும் கலங்கினால்தான் நல்லது என்று ஆயுசு முழுக்கச் சொன்னவளை? மிச்சம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டிக்காரர் காலி மூட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் அதே சோடியம் சல்பேட்தான். கீழே சின்ன எழுத்தில் 'படிகம்' என்று இருந்தது. உலர்ந்த பொடிக்குப் பதிலாகப் படிகம் வந்திருக்கிறது. படிகம் வயிற்றுக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தராசுக்கு இது தெரியாது. தண்ணீரையும் சேர்த்து நிறுத்து, மூட்டை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடும்.

மிச்சம்மா சாக்கட்டியை எடுத்துத் தொட்டியின் பக்கவாட்டில் கணக்குப் போட்டாள். ஒரு பொடி மூட்டை என்றால் இருபத்தாறு பங்கு சல்பேட் இருக்கும். படிக மூட்டையில் பதினொன்றரைதான். ஆக, கிட்டத்தட்டப் பதினைந்து குறைகிறது. நூற்றைந்தில் பதினைந்து போனால் தொண்ணூறு. நூறு பேரியத்தில் தொண்ணூறு உட்கார்ந்துவிட்டது, பத்துக்குத் துணையில்லை. பார்வையாளர்களை வைத்தும் சரிபார்த்தாள். ஒவ்வொரு சல்பேட்டும் இரண்டு சோடியத்தைக் கூட்டி வரும். தண்ணீரில் சோடியம் நூற்றெண்பது. ஒவ்வொரு பேரியமும் இரண்டு குளோரைடைக் கூட்டி வரும், குளோரைடு இருநூறு. இருபது குளோரைடு ஜோடியில்லாமல் நிற்கிறது. அந்த இருபதும் பத்து பேரியத்தோடு வந்த ஆட்கள். எப்படிச் சுற்றி வந்தாலும் கணக்கு அதே பத்தில் வந்து நின்றது.

"கழுவினா போயிடாதா?" என்று கேட்டார் கணவர். அவர் கேள்வி கேட்டதும் அபூர்வம்தான்.

"முக்கால்வாசி போயிடும். இந்தப் பொடி கொஞ்சத்தை மடியில கட்டி வச்சுக்கும்" என்றாள். "வயித்துக்குள்ள போறதுல முக்கால்வாசிங்கற பேச்சே கூடாது."

மறுநாள் காலை முதலாளியிடம் போய் நின்றாள். மூட்டையைப் பற்றி முதலில் சொல்லியிருக்கலாம், பழி பாதி அங்கே போயிருக்கும். அவள் குழாயைப் பற்றித்தான் முதலில் சொன்னாள். "தெளிவா இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டும் விடச் சொல்லிட்டேன். மனசு இங்க இல்ல."

"நீங்களாம்மா?" என்றார் முதலாளி. "சரி, யானைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கினது நான் சார். விழுந்திருக்கப் போறது வேற யாரோ."

"எல்லாத்தையும் வீசிடலாமா? ஆஸ்பத்திரியில டப்பா காலின்னு ரெண்டு நாளா போன் பண்றாங்க."

"வீச வேண்டாம். பேரியம் ஒண்ணும் கெட்டுப் போகல. துணைதான் குறையுது, கொடுத்தா உக்காந்துரும்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இதை உங்க வீட்டு ஆளுக்குக் குடிக்கக் கொடுப்பீங்களா?"

"செவ்வாய்க்கிழமை கொடுக்கத்தான் போறாங்க சார்" என்றாள். "என் நாத்தனாருக்கு. அந்த ஆஸ்பத்திரியிலதான்."

முதலாளி எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தார்.

வடிகட்டியில் இருந்த வெள்ளைச் சேற்றையும் தேக்கத்துத் தண்ணீரையும் மறுபடி தொட்டியில் ஒன்றாக்கினார்கள். வேண்டியது பதினைந்து பங்கு: பத்து துணைக்கு, ஐந்து காவலுக்கு. பொடி கையிருப்பில் இல்லை. அதே படிகத்தில் ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேலே என்று கணக்குச் சொல்லி, கரைத்து ஊற்றினாள். கலக்கினார்கள். தெளியவிட்டார்கள். தெளியும்வரை அவள் அறைக்குப் போகவில்லை, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். முந்தின நாள் பார்க்காததற்கும் சேர்த்துப் பார்ப்பவள் மாதிரி இருந்தது.

குழாயில் சொட்டு விழுந்தது. ஜன்னல் திறந்தது.

"கலங்கிருச்சு!"

தொட்டிக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் நகைச்சுவை சொல்லவில்லை. "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றார். பார்த்தாள். கலங்கியது. கழுவி உலர்த்திய பொடியையும் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி, பேரியம் இருக்கிறதா என்று சல்பேட் சொட்டு விட்டுத் தேடினாள். அது தெளிவாக நின்றது. அங்கே தெளிந்தால்தான் நல்லது. சுவரில் எழுதியிருந்த நாலு மூட்டைக்குக் கீழே, 'பொடி மட்டும். பளபளத்தால் கூப்பிடவும்' என்று பெயின்டால் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மென்று முழுங்கியிருப்பார்கள். குடிக்கப் போகிறவளுக்குத் தெரியாமல் அதைக் குடிக்க வைக்க மிச்சம்மாவால் முடியவில்லை. குழாயைப் பற்றி, சொட்டைப் பற்றி, கலங்கினால் ஏன் நல்லது என்பதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். "பழைய டப்பா வேற ஊர்ல இருந்தாவது வரவழைக்கச் சொல்றேன் அக்கா. உங்க இஷ்டம்."

நாத்தனார் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் கவனிக்காம விட்ட?"

"போன் வந்துச்சு."

"யாரு?"

"உங்க தம்பிதான். உங்களைப் பத்தி."

மிஷின் நின்றது. நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. அவள் வாய்க்குள் ஒரு வார்த்தை தங்கிப்போனது அதுவே முதல் தடவை என்று கணவர் பிறகு சொன்னார்.

படத்தில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுவோம்: கட்டி இல்லை. உணவுக்குழாயில் ஒரு சுருக்கம், வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிற சுருக்கம். ஆனால் அது செவ்வாய்க்கிழமை காலையில், அந்த நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது மூன்று பேருக்கும் தெரியாது.

எக்ஸ்ரே உதவியாளர் டம்ளரோடு வந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் புது டப்பா இருந்தது. மிச்சம்மாவின் கையெழுத்துப் போட்ட சீட்டு அதில் ஒட்டியிருந்தது. "முதல் டம்ளரை இங்கயே குடிச்சிருங்க, அடுத்தது உள்ள" என்றார் அவர்.

நாத்தனார் டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தொட்டிதானா?"

"அதேதான் அக்கா."

"கலங்குச்சா?"

"நல்லா கலங்குச்சு."

உதவியாளர் பதறிப்போனார். "என்னம்மா கலங்கிச்சு? நான் நல்லா கலக்கித்தானே கொடுத்திருக்கேன்?"

நாத்தனார் டம்ளரை வாயில் வைத்தாள். ஒரு வாய் இறங்கியது. அடுத்த வாய் தொண்டையில் நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கை மிச்சம்மாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. நின்றது மெல்ல இறங்கியது. மறுபடி குடித்தாள். டம்ளரை முழுதாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் விடாமல் குடித்துவிட்டு, வெள்ளை மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் மிச்சம்மாவின் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், இவ கண்ணைப் பாருடா. கலங்கிருச்சு."

"அக்கா, அது..." என்று மிச்சம்மா ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. நீதானே சொன்ன?" நாத்தனார் பிடித்த மணிக்கட்டை விடாமலே எழுந்தாள். "கலங்கினா, உள்ள மிச்சம் இருக்குன்னு அர்த்தம்."